முள்ளெலிக்குப் பூக்கட்டிப் பார்த்த கதை

முள்ளெலி எங்கள் வீட்டுக்கு ஒரு அட்டைப்பெட்டியில் வந்தது. வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் வேலை பார்க்கும் என் மனைவியின் தம்பி, ஷிப்ட் முடிந்து திண்டுக்கல்லுக்கு வந்தபோது அதைக் கூடத்தில் இறக்கி வைத்தான். மில்லுக்குப் பின்னால் கழிவுப் பஞ்சு கொட்டும் இடத்தில் கிடந்ததாம்.

"மச்சான், நீங்க கதை எழுதுற ஆளு. பாத்தா எதையாச்சும் எழுதுவீங்கன்னு கொண்டாந்தேன்."

எட்டிப் பார்த்தேன். ஒரு மாம்பழ அளவுக்கு முள் உருண்டை. விரல் பட்டதும் 'புஸ்' என்றது.

"பகலெல்லாம் தூங்கும் மச்சான். ராத்திரிதான் எந்திரிச்சுப் பூச்சி பொட்டு தேடித் திங்கும். யாராச்சும் பேசுனா இப்புடிச் சுருண்டுக்கும்."

அடுக்களையிலிருந்து என் மனைவியின் தலை தெரிந்தது. "பகலெல்லாம் தூங்கும், பேசுனா சுருண்டுக்கும். அதான் இந்த வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்கேடா. இன்னொண்ணு எதுக்கு?"

எனக்கு அதைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. நாய் வளர்த்தால் விடியற்காலையில் அதோடு நடக்க வேண்டும். நடக்கச் சொன்ன டாக்டரையே நான் மாற்றியவன். பூனை நம்மை மதிக்காது. முள்ளெலியோ என்னைப் போலவே ஆபத்து வந்தால் ஓடாமல், தன்னை உருட்டிக்கொண்டு, அதுவே போகட்டும் என்று காத்திருக்கும் ஜாதி. கரப்பான்பூச்சி வேறு தின்னுமாம். இதையெல்லாம் மனைவியிடம் வரிசையாக எடுத்துச் சொன்னேன். மகள் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து சாயங்காலம் வீடு நீளமாகிவிட்டது என்பதை மட்டும் சொல்லவில்லை. அதெல்லாம் சொல்கிற பழக்கம் கிடையாது.

"நாத்தம் அடிக்கும். அதுவும் போக, வாயில்லா ஜீவனை அடைச்சு வைக்கிறது பாவம்," என்றாள். நான் விடவில்லை. கடைசியில், "சரி, பூக்கட்டிப் பாத்துருவோம். சாமி சொல்றபடி" என்றாள்.

எங்கள் பக்கம் பெண் கொடுப்பதிலிருந்து போர்வெல் போடுவது வரை இப்படித்தான் முடிவாகும். வெள்ளைப் பூவை ஒரு தாளிலும் சிவப்புப் பூவை இன்னொரு தாளிலும் மடித்துச் சாமி படத்தின் முன்னால் வைத்து, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. இந்த வழக்கத்தைக் கேலி செய்து நான் ஒரு பத்திரிகையில் எழுதியதுண்டு. மனைவி அதை மறக்கவில்லை.

"நீங்களே மடிங்க. நீங்கதான் நம்பாத ஆளாச்சே. நம்பாத ஆளு எந்தப் பக்கமும் சாயமாட்டாரு."

அவள் தலைக்கு வாங்கி வைத்திருந்த நிலக்கோட்டை மல்லிகையில் கொஞ்சமும், வாசல் செடியில் பறித்த இரண்டு செவ்வரளியும் தட்டில் இருந்தன. இரண்டு தாளிலும் மல்லிகையையே வைத்து மடித்தேன். அரளி என் சட்டைப் பைக்குள் போயிற்று. பகுத்தறிவு என்னைத் தடுக்கவில்லை. சாமி இல்லையென்றால் ஏமாறுவதற்கும் ஆள் இல்லையே. மனைவி இருக்கிறாள் என்பது அந்தத் தர்க்கத்தில் எப்படியோ விடுபட்டுப்போயிற்று.

எதிர்வீட்டு நாலு வயதுச் சிறுமி வந்து, இருமிக்கொண்டே ஒரு பொட்டலத்தை எடுத்தாள். வெள்ளை. மற்றதை யாரும் பிரிப்பதற்குள் அதையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மனைவி என்னைச் செத்த நேரம் பார்த்துவிட்டு, "சாமியே சொல்லிருச்சு, அப்புறம் என்ன," என்றாள். சிறுமிக்குப் பரிசாக முள்ளெலியைக் காட்டினேன். என் வாழ்க்கையின் பெரிய தவறுகள் எல்லாமே தாராள மனதோடு செய்தவைதான்.

மாடிப்படிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் மண் போட்டு அதை விட்டோம். பால் வைத்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் மனைவி கொல்லையில் ஈரச் சாக்கும் சாணியும் போட்ட பழைய சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். கோழிக்குஞ்சுக்குக் கரையான் பிடிக்க அவள் ஊரில் அப்படித்தான் செய்வார்களாம். "உங்களுக்காக இல்ல, அது பட்டினி கிடக்குது," என்றாள். கரையானை அது நறுநறுவென்று தின்றது. பிறகு விடியும்வரை தொட்டியின் சுவரைச் சுரண்டிக்கொண்டே இருந்தது. விளையாடுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மகளுக்குப் போனில் படம் அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"அப்பா, வீடியோவுல கொஞ்சுறாங்களே, அது வெளிநாட்டு ரகம். இது நம்ம ஊர்க் காட்டு ஜீவன். வீட்டுல வச்சிருந்தா பாரஸ்ட்காரங்க கேஸ் போடுவாங்க."

"சாமி உத்தரவும்மா. பூக்கட்டிப் பாத்தாச்சு."

"ஜாமீன் எடுக்கச் சாமி வராதுப்பா."

மூன்றாம் நாள் காலையில் எதிர்வீட்டுச் சிறுமியின் அம்மா வந்தாள். "அண்ணே, பிள்ளைக்கு இருமல் நிக்கவே இல்ல. ஒரே ஒரு முள்ளு குடுங்க. சுட்டுத் தேன்ல குழைச்சுக் குடுத்தா கேக்குமாம்." டாக்டரிடம் காட்டச் சொல்லி அறிவியல் பூர்வமாகப் பத்து நிமிஷம் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிண்ணே, அப்ப ரெண்டு முள்ளு?" என்றாள். மதியத்துக்குள் செய்தி மூன்று தெரு தாண்டிவிட்டது. சாயங்காலம் அலுவலகம் விட்டு வந்தபோது படிக்கட்டடியில் நாலு பேர். ஒருவர் விளக்குமாற்றுக் குச்சியால் அதைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தோலோட வேணும் சார். கறிய நீங்களே வச்சுக்கங்க," என்றார், ஏதோ சலுகை தருவதைப்போல.

எல்லோரையும் அனுப்பிவிட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேச்சு ஓய்ந்த பிறகும் அது விரியவில்லை. உருண்டைக்குள் மூச்சு மட்டும் வேகவேகமாக ஏறி இறங்கியது. அப்போதுதான் தொட்டியின் சுவரைச் சரியாகப் பார்த்தேன். சுற்றிலும் நகக் கீறல். இரண்டு ராத்திரியும் அது விளையாடியிருக்கவில்லை.

"இதை விட்டுருவோம்," என்றேன் மனைவியிடம்.

"சாமி வச்சுக்கச் சொல்லிருச்சே. மீறலாமா?"

"சாமி மனசு மாறியிருக்கலாம்."

"அப்படின்னா இன்னொரு வாட்டி கேட்டுருவோம்."

உடனே அரளிச் செடிப் பக்கம் நடந்தேன். இந்த முறை இரண்டிலும் சிவப்பு என்று மனதுக்குள் மடித்தே விட்டேன்.

"நில்லுங்க. இந்த வாட்டி நான் மடிக்கிறேன்."

அவள் ஒழுங்காக மடிப்பாள். வெள்ளை வந்தாலும் வரலாம். வந்தால் முள்ளெலி இங்கேயே இருக்க வேண்டும், நாளைக்குத் தோல் கேட்டவர் திரும்ப வருவார். நான் அலுவலகத்தில் இருப்பேன். என் மானத்தையும் அதன் தோலையும் எடை போட்டுப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது, எடை போட்டதற்கே.

"ரெண்டுலயும் மல்லிகைதான் வச்சேன்," என்றேன்.

அவள் பூஜை அலமாரியைத் திறந்து ஒரு வாடிய பொட்டலத்தையும் இரண்டு அரளியையும் எடுத்துக் கையில் வைத்தாள். "அன்னைக்கே சட்டைய ஊறவைக்கிறப்பப் பாத்துட்டேன். சாமியவே ஏமாத்துற ஆளுக்குப் பைய காலி பண்ணத் தெரியல."

"அப்பவே ஏன் சொல்லல?"

"எம்புட்டு நாள் தாங்குறீங்கன்னு பாத்தேன்." பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "பாப்பா ஹாஸ்டலுக்குப் போனதுக்கப்புறம் நீங்களா ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒண்ணுதான்," என்றாள்.

மறுநாள் லீவு போட்டேன். சாயங்காலம் ஸ்கூட்டரில் அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொள்ள, வேடசந்தூர் தாண்டி அவள் வீட்டார் மானாவாரிக் காட்டுக்குப் போனோம். வேலி ஓரம், முள் அடர்ந்த இடத்தில் இறக்கி விட்டேன். உருண்டையாகவே கிடந்தது. குனிந்து, பத்திரமாக இரு, ரோட்டுப் பக்கம் வராதே, விளக்குமாறு வைத்திருப்பவர்களை நம்பாதே என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நீங்க வாய மூடுனாத்தான் அது கெளம்பும்," என்றாள் மனைவி.

மூடினேன். வெகு நேரம் இருவரும் பேசாமல் நின்றோம். முதலில் ஒரு மூக்கு வந்தது. பிறகு நான்கு கால்கள். என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பாமல், கிலுவை வேலிக்கு அடியில் புகுந்து போயிற்று. அது போன பிறகும், மறுபடி சுருண்டுவிடுமோ என்ற பயத்தில், நான் செத்த நேரம் வாயைத் திறக்கவில்லை.