இருபத்தாறு கிலோ சிப்பம்

நான் படித்தது ஐந்தாவது. உத்திரமேரூரில் அரிசி மண்டி வைத்து, பையின் மேல் என் படத்தையே அச்சடித்து விற்கிற அளவுக்கு வளர்ந்தது யார் தயவாலும் இல்லை. மீசையோடு வண்ணப் படம், கீழே ‘முதல்தர இட்லி அரிசி’. சுற்றுவட்டாரத்தில் எந்தச் சமையல்கட்டுக்குப் போனாலும் நான் நிற்பேன். தேர்தலில் ஜெயித்தவர்களுக்குக்கூட அந்தப் பாக்கியம் கிடையாது.

இந்தப் பக்கம் சிப்பம் என்றால் இருபத்தைந்து கிலோ மூட்டை. யாரும் எடையைக் கேட்க மாட்டார்கள். சிப்பம் என்ன விலை என்றுதான் கேட்பார்கள். அந்தச் சிப்பத்துக்கு ஐந்து சதவீதம் வரி வந்தது. வரி வியாபாரிக்குத்தான், மக்களுக்கு இல்லை என்று கோட்டுப் போட்ட ஒருவர் டிவியில் பேசினார். நல்ல மனுஷன், கடைக்கே போனதில்லை போலிருக்கிறது. என் ஆடிட்டர் சிரித்தார். “உங்க கைக்காசா குடுக்கப் போறீங்க? வெலையில ஏத்திடுங்க.” இதைச் சொல்லத்தான் அவ்வளவு படித்திருக்கிறார். ஏற்றினேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இட்லிக் கடை போட்டிருக்கும் அம்மாள்தான் முதலில் வந்தது.

“இன்னாண்ணே, வெல ஏறிகீது?”

“கவர்மென்ட் வரிம்மா. நான் இன்னா பண்றது?”

“நீ ஏத்தினா நான் இட்லிய ஏத்தணும். ஏத்தினா எல்லாம் எதுத்த கடைக்குப் பூடுவானுங்க. ஒனக்கு வரிதான் போவும், எனக்குக் கடையே பூடும். நாளைக்கு சாலவாக்கம் மில்லுல கேட்டுக்கறேன், வுடு.”

என் மண்டியை விட்டு ஒருத்தி சாலவாக்கம் போவதா? மறுபடி ஆடிட்டரைப் பிடித்தேன். இருபத்தைந்து கிலோ வரைக்கும்தான் வரி, அதற்கு மேலே போனால் கிடையாது என்றார். அதாவது, பெரிய மூட்டையாகத் தூக்க வசதி உள்ளவனுக்கு வரி இல்லை. அஞ்சு கிலோ பை வாங்குகிறவன் கட்ட வேண்டும். ஏழைகள் மேல் எவ்வளவு அக்கறை! என் மூளை சும்மா இருக்குமா? ஒரு கிலோ சேர்த்து இருபத்தாறு கிலோ சிப்பம் போட்டேன். பெரிய பெரிய மில்காரர்களும் அதைத்தான் செய்தார்கள். எனக்குப் பிறகுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாளைக் கூப்பிட்டனுப்பி விலையைச் சொன்னேன்.

“வரி இல்லன்ற, அப்பறம் ஏன் பழைய வெலைக்கு மேல கேக்கற?”

“ஒரு கிலோ கூட கீதும்மா!”

“ஒன்ன யாரு கேட்டா? நேத்து இட்லி வித்த காச எடுத்துக்கினு வந்து இன்னிக்கு அரிசி வாங்கறவ நான். பழைய சிப்பத்துக்குத்தான் கைல காசு கீது.”

மூன்றாவது தடவையாக ஆடிட்டருக்கு போன் போட்டேன். பேர் போட்டுப் பையில் அடைத்தால்தான் வரி, பிரித்து நிறுத்துக் கொடுத்தால் இல்லை என்றார். இதை முதலிலேயே சொன்னால் படிப்புக்கு என்ன மரியாதை?

அந்த அம்மாள் கண்ணெதிரிலேயே தையலை அறுத்து, தராசில் கொட்டி இருபத்தைந்து கிலோ நிறுத்து, அவள் கொண்டுவந்த பழைய கோணியில் போட்டுக் கொடுத்தேன். பழைய விலை. அவள் கீழே கிடந்த காலிப் பையில் என் மீசையைப் பார்த்தாள்.

“அப்ப அரிசிக்கு வரி இல்ல. ஒன் மூஞ்சிக்குத்தான் வரி!”

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வியாபாரம் ஆயிற்றே.

மறுநாள் காலை அவள் கடைக்கு நாஷ்டாவுக்குப் போனேன். இட்லி அதே விலை. இந்த ஊர் இட்லியை விலையேறாமல் நிறுத்தியது யார் மூளை என்று அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் விளக்கினேன். கிளம்பும்போது வீட்டுக்கு ஒரு பார்சல் கேட்டேன். இட்லிக்கு ஒரு ரூபாய் அதிகமாகச் சொன்னாள்.

“இன்னாம்மா இது?”

“இங்க துன்னா பழைய வெல. கட்டிக்கினு போனா வரி. நீ சொல்லிக் குடுத்ததுதாண்ணே!”

எனக்கு முன்னால், கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற பிள்ளைகள் கணக்குக் கேட்காமல் கொடுத்துவிட்டுப் பொட்டலத்தோடு போய்க்கொண்டிருந்தார்கள். நானும் கொடுத்தேன்.