விசாலாட்சி மிஸ்ஸி அளந்த தோள்கள்

பசறை பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் தேநீர்க் கடையில் வானொலி மரண அறிவித்தல்களை வாசித்துக்கொண்டிருந்தது. நான் பாதித் தேநீரைக் குடித்திருந்தேன். "பதுளையைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட செல்வி விசாலாட்சி மாரடைப்பால் காலமானார்" என்றது குரல். பிறகு அவர் யாருடைய மகள், யாருடைய சகோதரி, யாருக்கெல்லாம் பெரியம்மா என்று நீண்ட வரிசை. தகனம் மறுநாள் மாலை. அத்தோடு அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள்.

அவர் என்ன வேலை செய்தார் என்பதற்கு ஒரு சொல் இல்லை. வீட்டார் எழுதிக் கொடுப்பதைத்தான் வாசிப்பார்கள் என்பது தெரியும். இருந்தும் எனக்குக் கோபம் வந்தது. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தெரிஞ்சவங்களா தம்பி?" என்றார்.

"பெரியாஸ்பத்திரியில கை காலுக்குப் பயிற்சி குடுக்கிற மிஸ்ஸி."

அவர் தேநீர் ஆற்றுவதை நிறுத்தினார். "அந்தம்மாவா? எங்க மூத்தவனுக்குக் காலு…" என்றவர் அப்படியே உள்ளே போய்விட்டார்.

வானொலி சொல்லாமல் விட்டதை நான் எழுதுகிறேன். அவரை அறிந்தவர்களுக்கும் அறியாதவர்களுக்கும் இது போய்ச் சேரட்டும்.

விசாலாட்சி அவர்கள் பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் கடைகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. தேயிலைத் தோட்டத்து ஆட்களை வாசற்படியில் நிறுத்தி, "என்ன வேணும், சொல்லு" என்று கேட்கும் கடைகள் அவை. எங்கள் பாட்டன்மார் இந்தியாவில் எந்த ஊர்களிலிருந்து வந்தார்களோ அதே ஊர்ப்பக்கங்களிலிருந்துதான் அவர்களுடைய பாட்டன்மாரும் வந்தார்கள். அவர்கள் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள், நாங்கள் மலை ஏறினோம். அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் கொழும்புக்குப் போய் உடற்பயிற்சிச் சிகிச்சை படித்து, அறுபதுகளின் நடுவில் பதுளை ஆஸ்பத்திரிக்கே வேலைக்குத் திரும்பியது அவர்களுடைய ஆட்களுக்கே பிடிக்கவில்லை. கண்டவர்களின் கையையும் காலையும் பிடித்துவிடுகிற வேலை என்றார்களாம்.

நான் அவரை முதலில் கண்டது எழுபதுகளின் தொடக்கத்தில். என் அக்கா ராமாயி மழையில் கொழுந்துக் கூடையோடு மலைச்சரிவில் விழுந்து தோள் எலும்பை உடைத்துக்கொண்டாள். கட்டு அவிழ்த்தபோது கை மரக்கட்டை போல் இருந்தது. தோட்டத்து டிஸ்பென்சரி அவளை வாரம் ஒருமுறை பதுளைக்கு அனுப்பியது. படிப்பை முடித்து வேலை கிடைக்காமல் லயக் குடியிருப்பில் எல்லோரோடும் சண்டை போட்டுக்கொண்டிருந்த நான் துணைக்குப் போனேன்.

ஆஸ்பத்திரி நடைபாதையின் கடைசியில் ஒரு நீண்ட அறை. கூரையில் கப்பியும் கயிறும், சுவரில் கையால் சுற்றும் ஒரு மரச்சக்கரம். "ராமாயி, வாங்க. உக்காருங்க" என்றார் மிஸ்ஸி. அந்தக் கட்டிடத்தில் யாரும் எங்கள் அக்காவை வாங்க என்று அழைத்து நான் கேட்டதில்லை. அக்கா திரும்பி, தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள்.

பயிற்சி முடிந்ததும் அளவு. இரண்டு தகரப் பட்டைகளை ஒரு திருகாணியில் பூட்டியது போன்ற கோணமானியைத் தோளில் வைத்து, "எவ்வளவு முடியுமோ அவ்வளவு தூக்குங்க" என்பார். கை நின்ற இடத்தைக் குறித்துக்கொள்வார். "கடைக்காரர் மக, அளக்காம விடாது" என்று வாங்குப் பலகையில் உட்கார்ந்து காத்திருந்த பெண்கள் கிண்டலடிப்பார்கள். அவருக்கும் அது காதில் விழும். "அளக்காம குடுத்தா உங்களுக்குத்தான் நட்டம்" என்பார்.

அவர் அப்போது ஓர் ஆய்வு செய்துகொண்டிருந்தார். தோளில் அடிபட்டவர்களுக்கு எந்தப் பயிற்சி எவ்வளவு பலன் தருகிறது என்று வாரந்தோறும் அளந்து, கொழும்பில் வைத்தியர்கள் கூடும் கூட்டமொன்றில் வாசிப்பது திட்டம். ஆனால் அளவுகள் அவரைக் குழப்பின. பதுளைக் கடைக்காரர்களும் வெலிமடை மரக்கறி வியாபாரிகளும் படிப்படியாகத் தேறினார்கள். தோட்டத்துப் பெண்களும் தேறினார்கள், கழுத்து உயரம் வரை. அங்கே நின்றுவிட்டார்கள். எல்லோரும் ஒரே இடத்தில்.

"இவங்களுக்கு வேலை செய்ய மனசில்லை, அவ்வளவுதான்" என்றார் பெரிய டாக்டர். நாங்கள் கேட்கும்படியே சொன்னார். எங்களுக்குக் காது இருப்பதாக அவருக்குத் தோன்றியிருக்காது.

காரணம் எனக்குத் தெரியும். பஸ்ஸில் கேட்டிருக்கிறேன். புதிதாகப் போகிற ஒருத்திக்கு எங்கள் தோட்டத்துப் பெண்கள் பாடம் நடத்துவார்கள்.

"கழுத்து வரைக்கும் தூக்கு. காதுக்குப் போயிராத."

"போனா என்னக்கா?"

"காதுக்குக் கை போனா, காலையில மலைக்கு நீ போவ."

"மொகத்தக் கொஞ்சம் சுளிச்சுக்க. ரொம்பச் சுளிக்காத, ஊசி போட்ருவாங்க."

பஸ் முழுக்கச் சிரிப்பு. அதை நான் மிஸ்ஸியிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருந்ததாக இன்றும் நினைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே எங்கள் தோட்டத்துக்கு வந்தார். வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சியில் எங்கே பிழை என்று பார்க்க வந்தாராம். குடையோடு அவர் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் வந்து நின்றபோது அக்கா நிரம்பிய குடத்தை இரண்டு கையாலும் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டிருந்தாள். மிஸ்ஸியைக் கண்டதும் குடம் சரிந்து தண்ணீர் முகத்தில் கொட்டியது.

"குடத்தப் புடிங்க ராமாயி, விழுந்துரும்" என்றார் மிஸ்ஸி.

பிறகு அக்காவின் ஒற்றையறைக் காம்பராவுக்குள் வந்து, அடுப்புக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்தார். "எனக்குக் கோபமில்ல. ஆஸ்பத்திரியில கழுத்தோட நிக்கிற கை இங்க தலைக்கு மேல போகுது. ஏன்னு மட்டும் சொல்லுங்க."

அக்கா ஈர முகத்தைச் சேலையில் துடைத்தாள். அடுப்பை ஊதிக்கொண்டிருந்த அவளுடைய மாமியார், "சொல்லித் தொலையேன்டி. மிஸ்ஸி என்ன, தொரைகிட்டயா போய்ச் சொல்லப் போகுது?" என்றார்.

"மிஸ்ஸி சொல்லாட்டி என்ன? துண்டு சொல்லுமே" என்றாள் அக்கா.

துண்டு என்பது மிஸ்ஸி வாரந்தோறும் எழுதிக் கொடுத்தனுப்பும் சீட்டு. அதில் அன்றைய அளவு இருக்கும். டிஸ்பென்சரிக்குப் போகும், அங்கிருந்து தோட்டத்து ஆபிசுக்குப் போகும். கை முழுக்க எழும்புகிறது என்று கண்டால், மறுநாள் விடியற்காலைப் பெரட்டில் ஆட்களைப் பிரிக்கும்போது அவளுடைய பேரை மலைக்குப் போட்டுவிடுவார்கள். தவறணை என்னும் நாற்றங்காலில் கன்றுகளுக்கு மண் நிரப்புகிற லேசான வேலை அத்தோடு போய்விடும்.

"ஒரு தடவ தூக்குன்னா தூக்கிருவேன் மிஸ்ஸி. மலையில நாளெல்லாம் கொழுந்தப் பறிச்சுத் தோளுக்கு மேல கூடைக்கு எறியணும். கூடையும் தலையில தொங்கும். மத்தியானத்துக்கு மேல இந்தத் தோள் என்னுதே இல்ல. போன வருசம் மேல் லயத்துப் பொண்ணு ஒண்ணு அப்படிப் போய்த்தான் கை மறுபடி விட்டுப் போச்சு."

மிஸ்ஸி குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். கிளம்பும்போது என்னிடம் சொன்னார்: "ஒரு வருசமா நான் தோளை அளக்கல தம்பி. பயத்தை அளந்திருக்கேன்."

அடுத்த வாரமே கொழும்புக் கூட்டத்துக்கு, தன் அளவுகள் பிழை, வாசிக்க முடியாது என்று எழுதிவிட்டார். பிழையை மூடி மறைத்து வாசித்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. இந்த நாட்டில் அப்படி வாசித்துப் பதவி உயர்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

துண்டில் அளவு எழுதுவதையும் நிறுத்தினார். எந்த வேலை, எவ்வளவு நேரம் செய்யலாம் என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டார். அறையிலும் இரண்டு புதிய காரியங்கள் நடந்தன. முதலாவது, வருகிறவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டார்.

"எது செய்ய முடிஞ்சா உங்க கை உங்களுக்குத் திரும்பி வந்த மாதிரி இருக்கும் ராமாயி?"

"என் கொண்டைய நானே முடியணும் மிஸ்ஸி. மாமியார்தான் முடிஞ்சு விடுது. மயிர இழுத்து இழுத்து ஊர்க்கதை பூராவும் சொல்லுது."

அதுவும் அளவுகளில் ஒன்றாகச் சேர்ந்தது. ஒருவருக்குக் குழந்தையைத் தூக்குவது, இன்னொருவருக்குச் சட்டைப் பொத்தான் போடுவது.

இரண்டாவது, ஆஸ்பத்திரி முற்றத்து வேலிச்செடி. ஈரச்சாக்கை அடைத்த கொழுந்துக் கூடையைப் பெண்கள் தலையில் மாட்டிக்கொண்டு, வேலிச்செடியின் இலையைப் பறித்துப் பின்னால் எறிய வேண்டும். அதற்கு முன்பும் பின்பும் தோளை அளப்பார். ஓய்ந்திருக்கும் கையும் உழைத்த கையும் ஒன்றல்ல என்று காட்டும் அளவு அது. "பெரியாஸ்பத்திரியிலயும் கொழுந்தா, இங்க யாரு கங்காணி?" என்று பெண்கள் சிரித்தார்கள். ஆஸ்பத்திரித் தோட்டக்காரர் மட்டும் தன் வேலியைப் பார்த்துப் பார்த்துப் புலம்பினார்.

துண்டில் அளவு வராதது தோட்ட நிர்வாகத்துக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் தோட்டத்தின் உதவி நிர்வாகி, சின்னத் துரை, நேரிலேயே வந்துவிட்டார். பெரிய டாக்டரும் கூட வந்தார். வாங்கில் எங்கள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"கை தூக்க ஏலுமா, ஏலாதா? அதுதான் எங்களுக்கு வேணும்" என்றார் சின்னத் துரை. அக்காவைப் பார்த்து, "ஏய், தூக்கு" என்றார்.

அக்கா மிஸ்ஸியைப் பார்த்தாள். மிஸ்ஸி தலையை அசைக்கவில்லை, கண்ணையும் காட்டவில்லை. "உங்க கை, உங்க இஷ்டம்" என்றார்.

கழுத்தோடு நிறுத்தினால் லேசான வேலை நிலைக்கும். அந்த அறையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். அக்கா கையைத் தூக்கினாள். கழுத்தைத் தாண்டியது. காதைத் தாண்டியது. நேராக நின்றது.

"அடிப்பாவி" என்று வாங்கில் ஒருத்தி முணுமுணுத்தாள்.

"சரி, நாளைக்கு மலைக்கு" என்று சின்னத் துரை தொப்பியை எடுத்தார்.

"நீங்க பாதிதான் பார்த்திருக்கீங்க ஐயா. மீதியையும் பார்த்துட்டுப் போங்க" என்றார் மிஸ்ஸி. அக்காவிடம் கூடையைக் கொடுத்தார்.

சின்னத் துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மத்தியானம் வரை நிற்கத் தனக்கு நேரமில்லை என்றார்.

"நீங்க நிழல்ல உக்காந்து பார்க்க முடியாத நேரம் பூராவும் அவங்க வெயில்ல கூடையோட நிக்கணும். அது முடியுமா முடியாதாங்கிறதுதானே கேள்வி?"

பெரிய டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்து வேலியோரம் போட்டார். "இருந்து பார்ப்போமே" என்றார். அந்த மனிதர் எங்கள் முன்னால் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான்.

மத்தியானத்தில் அக்கா கூடையை இறக்கினாள். "இப்ப தூக்குங்க" என்றார் மிஸ்ஸி. கை மார்பு வரை வந்து நடுங்கியது. அக்கா பல்லைக் கடித்தாள். அதற்கு மேல் போகவில்லை. இந்த முறை முகத்தைச் சுளிக்க யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. டாக்டர் கோணமானியைத் தானே வாங்கி வைத்துப் பார்த்தார். துண்டில் மிஸ்ஸியின் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார்: அரை நாள் மலை, அரை நாள் தவறணை, தோள் தாங்கும் வரை. சின்னத் துரை அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அவர் மனம் மாறினார் என்று நான் எழுத மாட்டேன். கண்ணால் பார்த்ததை அவரால் மறுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அன்று பஸ்ஸில் அக்காவுக்கு நல்ல ஏச்சு. அடுத்த வாரங்களில் ஏசியவர்களும் ஒவ்வொருவராகக் கையை முழுக்கத் தூக்கினார்கள்.

பிறகுதான் அவர் கொழும்பில் தன் ஆய்வை வாசித்தார். கூட்டத்தில் ஒரு வைத்தியர், கொண்டை முடிவதெல்லாம் ஒரு அளவா என்று கேட்டாராம். "நாளைக்குக் காலையில உங்க கழுத்துப்பட்டியை ஒரு கையால கட்டிட்டு வாங்க டாக்டர். அப்புறம் பேசுவோம்" என்று பதில் சொன்னதாக அவரே சிரித்துக்கொண்டு எங்களிடம் சொன்னார்.

எனக்கும் அவருக்கும் ஒரு வழக்கு உண்டு. அந்த அளவுகளைப் பேர்களோடு தாருங்கள், தொழிற்சங்கத்தில் வைத்துச் சண்டை போடுகிறோம் என்று கேட்டேன். மறுத்துவிட்டார். "அவங்க தோளை வச்சுத் தொரையும் காரியம் பார்க்கக்கூடாது, நீங்களும் பார்க்கக்கூடாது தம்பி. அவங்களே வந்து சொல்லட்டும், நான் சாட்சிக்கு வர்றேன்." எனக்குக் கோபம் தீர நாளாயிற்று. தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போன பிறகு நடந்த ஒரு விசாரணைக்கு எங்கள் பெண்கள் தாங்களாகவே போனார்கள். அவரும் சொன்னபடி வந்து, பயமில்லாமல் பேசினார். உங்களை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள் என்று யாரோ மிரட்டியபோது, "மாத்தட்டும். அங்கயும் ஆளுங்களுக்குத் தோள் இருக்கும்" என்றார். மாற்றவில்லை.

தகனத்தன்று பதுளை வீட்டுக்குப் பசறைப் பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். அரைநாள் கூலியான அரைப்பேரை விட்டுவிட்டு, குளித்து, வெள்ளைச் சேலையில் வந்தார்கள். இத்தனை தோட்டத்து ஆட்களை அந்த வாசல் கண்டிருக்காது. மிஸ்ஸியின் அண்ணன் திகைத்துப் போய், "நீங்கள்லாம் யாரும்மா?" என்று கேட்டார்.

"மிஸ்ஸிகிட்ட மொதல்ல பொய் சொன்னவங்க நாங்க. அப்புறமா நெசம் சொன்னவங்க" என்றாள் அக்கா.

அவருக்கு அது விளங்கியிருக்காது. ஆனாலும் ஒதுங்கி நின்று, "உள்ள வாங்க" என்றார்.

மறுவாரம் நான் அந்த நீண்ட அறைக்குப் போனேன். புதிதாக வந்திருந்த இளைஞர் ஒருவர் ஹல்துமுல்லைப் பக்கத்துப் பெண் ஒருத்தியின் தோளில் கோணமானியை வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் மிஸ்ஸியைக் கண்டதே இல்லை. "எவ்வளவு முடியுமோ தூக்குங்க" என்றார் அவர். அவள் கதவையும் பார்க்கவில்லை, பக்கத்தில் இருந்தவளையும் பார்க்கவில்லை. போகும் மட்டும் கையைத் தூக்கினாள்.

"இது வரைக்கும் போகுதுங்க. இதுக்கு மேல வலிக்குது" என்றாள்.

அவர் அதை அப்படியே எழுதினார்.

நிம்மதியாகப் போங்கள் மிஸ்ஸி. இங்கே அளவு சரியாக இருக்கிறது.