விழாமல் தோற்றவன்

லா ஷப்பலில், பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவில், ஒரு முடிதிருத்தும் கடை. என் முகமெல்லாம் சோப்பு நுரை. மேம்பாலத்தில் மெட்ரோ போகும்போதெல்லாம் கண்ணாடி லேசாக அதிர்கிறது. சுவர் டிவியில் சத்தமில்லாமல் லாஸ் வேகாஸ் ரோடியோ இறுதிப் போட்டி ஓடுகிறது. துள்ளும் காளையின் முதுகில் எட்டு வினாடி தாக்குப்பிடிக்க வேண்டும். ஒருவன் விழாமல் தாக்குப்பிடித்துவிடுகிறான். ஆனால் சாம்பியனுக்கான தங்க பெல்ட் பக்கிள் வேறொருவனுக்குப் போகிறது.

எனக்குச் சவரம் செய்யும் யாழ்ப்பாணத்துக்காரர் கத்தியை நிறுத்துகிறார்.

"அவன் விழேல்லைத்தானே அண்ணை, பிறகேன் குடுக்கேல்லை?"

டெக்சஸில் சில வருடம் வேலை பார்த்த தெம்பில் விளக்குகிறேன்.

"பாதி மார்க் மாட்டுக்குங்க. இவனுக்குச் சீட்டுல வந்தது சாதுவான மாடு. அது சரியாவே துள்ளல."

அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே நிற்கிறார்.

"என்ர அகதிக் கேஸையும் உப்பிடித்தான் தள்ளினவங்கள். நான் பட்ட கஷ்டம் காணாதாம், இன்னும் பட்டிருக்க வேணுமாம்."

திரையில் வென்றவன் பக்கிளைத் தூக்கிக் காட்டுகிறான். இவர் அவனைப் பார்க்கவில்லை. பின்னால் நிற்கும் கூட்டத்தில் மற்றவனைத் தேடிக்கொண்டிருக்கிறார்.