பெயர் கூப்பிடும் நேரம்

மாலை ஜெப மணி அடித்தால் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். அப்படித்தான் தொடங்கியது. காலையில் நன்றாக இருப்பேன்; தையல் மிஷினை மிதிப்பேன், கிணற்றில் தண்ணீர் இறைப்பேன். பொழுது சாயும்போது எலும்புக்குள் தணலை அள்ளிப் போட்டதுபோல இருக்கும்.

அது சாரல் காலம். குற்றாலத்துப் பக்கம் ஆடி மாதத்தில் இருமாதவர் யார்? எல்லோரும் இருமினார்கள், நானும் இருமினேன். சாரல் ஓய்ந்தது, மற்றவர்கள் இருமலும் ஓய்ந்தது. என்னுடையது ஓயவில்லை. இதை வாசிக்கிறவர்களில் யாருக்காவது இப்படி இருந்தால், மழையின்மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

நான் இருந்தது தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே ஒரு சபையார் நடத்திய இல்லத்தில். புருஷன் துணையில்லாமல் பிள்ளையோடு நிற்கிற பெண்களுக்குச் சோறும் கூரையும் தந்து, தையல் கற்றுக்கொடுத்து, சொந்தக் காலில் நிற்கும்வரை வைத்துக்கொள்வார்கள். என் வீட்டுக்காரர் கொழும்புக்குப் போனவர். ஆளும் வரவில்லை, கடுதாசியும் வரவில்லை. மகள் கோமதியை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கே போய் நின்றபோது, "நான் சாமி மாற மாட்டேன் டீச்சர்" என்றுதான் முதலில் சொன்னேன்.

பொறுப்பிலிருந்த எஸ்தர் டீச்சர் சிரித்துவிட்டார். "மொதல்ல சாப்பிடும்மா. சாமியெல்லாம் பொறவு பேசிக்கிடலாம்."

பிறகும் பேசவில்லை. நான் திருநீறு பூசிக்கொண்டே ஜெபத்தில் உட்காருவேன்.

ஜெபம் முடிகிற நேரத்தில் டீச்சர் ஒவ்வொரு தாயின் பெயராகக் கூப்பிடுவார். "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். தாய் வெளியே போயிருந்தால் பிள்ளை எழுந்து பதில் சொல்லும்: "சந்தைக்குப் போயிருக்காங்க." பிறகு எல்லோருக்குமாக வேண்டிக்கொள்வோம். ஊரில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாமல் போன காலம் அது. அந்த ஒரு கூப்பிடலுக்காகவே நான் காய்ச்சலோடும் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்-ரே எடுத்தார்கள். சளிப் பரிசோதனையும் (காலையில் வரும் முதல் சளியைக் கண்ணாடித் துண்டில் தடவிக் கிருமி தேடுவது) செய்தார்கள். டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"காசநோய்மா. ரொம்ப மாசம் படுக்கணும்."

"புள்ளைக்கு, டாக்டர்?"

"புள்ளைக்கு இல்ல. ஆனா பக்கத்துல வரவிடக் கூடாது."

ஸ்ட்ரெப்டோமைசின் (காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஊசி மருந்து) போட்டார்கள். இடுப்பில் ஊசி குத்த இடம் இல்லாமல் போயிற்று. காதுக்குள் சில்வண்டு கத்தத் தொடங்கியது. கட்டிலில் படுத்தபடி பார்த்தால் தென்காசிக் கோயிலின் இடிந்த மொட்டைக் கோபுரம் தெரியும். காலையிலும் அதுதான், மாலையிலும் அதுதான். பக்கத்துக் கட்டில் ராயகிரிக்காரி சொல்லுவாள், "இந்த ஆஸ்பத்திரில நேரந் தவறாம வாரது காய்ச்சல் ஒண்ணுதான் தாயி."

ஞாயிற்றுக்கிழமைகளில் இல்லத்துத் தோழி பாக்கியம் வருவாள். என் பிள்ளையை அவள்தான் பார்த்துக்கொண்டாள். வராந்தாவில் நின்றபடியே சத்தமாகப் பேசுவாள்.

"ஏட்டி உலகு, ஒம் மவ சரியான அடங்காப்பிடாரி! ஒன் பேரைக் கூப்பிட்டா, 'ஆஸ்பத்திரில இருக்காங்க'ன்னு சொல்லுட்டின்னேன். மாட்டேங்கா. 'வருவாங்க'ன்னுதான் சொல்லுதா. டீச்சர் 'எங்க இருக்காங்க?'ன்னு கேட்டா, அதுக்கும் 'வருவாங்க'ங்கா!"

சிரிக்கத் தெம்பு இல்லை. வருவேனா என்று எனக்கே தெரியாது.

ஒருநாள் வாசுதேவநல்லூரிலிருந்து கொழுந்தனார் வந்தார். துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"மைனி, கோமதிய நான் கூட்டிட்டுப் போறேன். எங்க புள்ளையளோட வளரட்டும். ஆனா பொறவு வந்து கேக்கக் கூடாது. அங்கயும் இங்கயும் இழுத்தா புள்ளதான் சீரழியும்."

அவர் கெட்டவர் இல்லை. சொன்னதிலும் நியாயம் இருந்தது. சண்டை போட எனக்கு மூச்சு இல்லை. "கூட்டிட்டுப் போங்க தம்பி" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். அழுகைகூட வரவில்லை. சாவைவிட இந்தச் சலிப்புக்குத்தான் பயப்பட வேண்டும். அது வந்து உட்கார்ந்திருக்கும்போது எதையும் முடிவு செய்யாதீர்கள்.

மறுநாள் காலை அவர் மறுபடியும் வந்தார். தனியாக. மூக்கில் துண்டு இல்லை.

"நேத்து சாயங்காலம் இல்லத்துக்குப் போனேன். டீச்சரு, 'ஜெபம் முடியட்டும் அண்ணாச்சி, ஒக்காருங்க'ன்னாங்க. ஒங்க பேரைக் கூப்பிட்டாங்க மைனி. அவ எந்திரிச்சு, என்னையப் பாத்துக்கிட்டே 'வருவாங்க'ங்கா. அப்படிச் சொல்லுத புள்ளைய எப்படி நான் பஸ்ஸுல ஏத்த?" தூக்குவாளியைக் கட்டிலடியில் வைத்தார். "நாட்டுக்கோழி முட்டை. தின்னுட்டு, ஒழுங்கா வந்து சேருங்க."

ராயகிரிக்காரி ஆயாவிடம் அவித்துத் தரச் சொல்லி வாங்கிக் கொடுத்தாள். நாக்கில் ருசியே இல்லை. தின்றேன். மறுநாளும் தின்றேன்.

அடுத்த சாரலுக்குள் சளியில் கிருமி இல்லை என்றார்கள். பிள்ளையைப் பக்கத்தில் படுக்கவைக்கலாம் என்றார்கள். காது மட்டும் ஊசி மருந்தால் மந்தமாகிவிட்டது, இனித் திரும்பாது என்றார் டாக்டர். மிஷினை மிதிக்க முடியாததால் இல்லத்தில் எனக்குக் கையால் காஜா (சட்டைப் பொத்தான் துளை) எடுக்கிற வேலை கொடுத்தார்கள்.

திரும்பி வந்த அன்று மாலை ஜெபத்துக்குக் கோமதியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் தலையை முகர்ந்துகொண்டிருந்தேன். எத்தனை நாள் கழித்து! டீச்சர் என் பெயரைக் கூப்பிட்டது காதில் விழவில்லை. மடியிலிருந்த பிள்ளை சட்டென்று எழுந்து நின்றாள்.

"வருவாங்க!"

கூடம் முழுக்கச் சிரிப்பு. பாக்கியம் என் விலாவில் இடித்தாள். "ஏட்டி, ஒன்னத்தான்!"

"இருக்கேன்" என்றேன். சொல்லும்போதே அது பாதிதான் உண்மை என்று பட்டது.

இப்போது தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடி அறையில் நானும் மகளும் இருக்கிறோம். கைத்தையல் சோறு போடுகிறது. மற்றவர்களுக்கு ஓடுகிற நேரம் எனக்கு நடந்துதான் வருகிறது. படியேறும்போது நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்க வேண்டும். உடம்பு கீழே நிற்க, மனசு மேலே போய் அதற்குக் காத்திருக்கும். துணி கொடுக்க வந்தவர்கள் மேலே நின்று, "உலகம்மா இல்லையா?" என்று கேட்பார்கள்போல. அது எனக்குக் கேட்பதில்லை. படியின் உச்சியில் நின்று கோமதி சொல்லும் பதிலை மட்டும் அவள் உதட்டசைவில் கண்டுகொள்வேன்.

"வருவாங்க."