பல்லின் பின்பக்கம்

மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் இருந்தது அந்தப் பல் டாக்டர் அம்மாவின் அறை. பருத்த உடம்பு, உரத்த குரல். நோயாளிகள் எதிரிலேயே கூச்சமில்லாமல் பழம்பொரி தின்பார்.

கல்யாணத்துக்குள் என் பல்லை வெள்ளையாக்க வேண்டும் என்று அம்மா கூட்டிப்போயிருந்தாள். மகள் மெலிந்ததில் அவளுக்கு அத்தனை பெருமை.

டாக்டர் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார்.

"முன்பல்லு பின்பக்கம் கரைஞ்சிருக்கு. கன்னமும் வீங்கியிருக்கு. வலது கையைக் காட்டு மோளே."

விரல் முட்டிகளில் பல் பட்ட தழும்புகள்.

"தேங்காய் துருவும்போது பட்டது" என்றேன்.

"நீ என்னிக்குடி தேங்காய் துருவினே?" என்றாள் அம்மா, யோசிக்காமல்.

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "தின்னதை விரல் விட்டு வாந்தி எடுக்கறா. இதுக்குன்னு டாக்டர் இருக்காங்க, முதல்ல அங்கே கூட்டிட்டுப் போங்க. நான் வெள்ளையாக்கித் தர மாட்டேன்."

"கல்யாணப் பொண்ணைப் பத்தி இப்படிச் சொல்லலாமா?"

"கல்யாணப் பொண்ணுன்னா பல்லு கரையாதோ?"

அன்று அவரை வெறுத்தேன். இன்றும் முழுசாக மன்னித்தேனா, தெரியவில்லை. ஆனால் எந்தப் பெண்ணையாவது 'மெலிஞ்சு அழகாயிட்டா' என்று யாராவது மெச்சினால், என் கண் நேரே அவளுடைய விரல் முட்டிகளுக்குத்தான் போகிறது.