மிச்சமிருந்த ஆயில்

போன வாரம் முழுக்க நான் வீடு தங்கவில்லை. காரணம் — என் காரில் தொங்கும் ஒரு சின்ன அட்டை.

‘பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் — எது முந்துகிறதோ அப்போது ஆயில் மாற்றவும்.’

வருடம் முடிய ஒரு வாரம்தான் பாக்கி. வண்டி ஓடியதோ நாலாயிரம்கூட இல்லை. ரிடையர் ஆனவனுக்கு சித்தூரில் வீட்டை விட்டால் சர்ச், சர்ச்சை விட்டால் வீடு. அதற்காக, பாதிகூட உழைக்காத ஆயிலைக் கீழே கொட்டுவதா?

இருப்புக் கொள்ளவில்லை. முடிந்தவரை ஓட்டித் தீர்ப்பது என்று கிளம்பிவிட்டேன். திங்களன்று திருப்பதி. செவ்வாய் வடமாலபேட்டை... டீ குடிக்க. புதன்கிழமை தனியாகப் போக எனக்கே வெட்கமாக இருந்தது. மனைவி எஸ்தரைக் கேட்டேன்: “பிச்சாட்டூர் டேம் பார்த்துட்டு வரலாமா?”

“மெய்யாவா?” என்றவள், எலுமிச்சை சாதம் கட்டினாள். கிறிஸ்துமஸ் புடவையை எடுத்து உடுத்தினாள்.

அணைக்கரையில் சாப்பிடும்போது சொன்னாள்: “கல்யாணம் ஆனதுலேர்ந்து இப்பிடி எங்கியும் இட்டுக்கினு வந்ததில்ல நீங்க. வயசானா மாறுவாருன்னு எங்க அக்கா சொன்னா. நான்தான் நம்பல.”

நான் குனிந்து இன்னொரு கவளத்தை உருட்டினேன். உண்மையைச் சொல்லலாம்தான். அதற்குத் தைரியம் வேண்டுமே?

சனிக்கிழமை மெக்கானிக் பாஷாவிடம் போனோம். மீட்டரைப் பார்த்தவர் சிரித்தார். “ஆயில தீர்த்துட்டு வரேன்னு போன்ல சொன்னியே சார், அதுக்கா இந்த ஓட்டம்? சும்மா நின்னுக்கினு இருந்தாலும் ஆயிலு கெட்டுப்பூடும். நீ ஊத்தின பெட்ரோலுக்கு புது ஆயிலே வந்திருக்கும்.”

நான் கண்ணைக் காட்டினேன். அவர் கவனித்தால்தானே?

எஸ்தர் என் பக்கம் திரும்பினாள். “அன்னிக்கு டேமுக்குப் போனது இதுக்குத்தானா?”

“கிளம்பும்போது... அதுக்குத்தான்.”

பழைய ஆயில் முழுக்க வடியும்வரை அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

பாஷா புது அட்டை எழுத உட்கார்ந்தார். எஸ்தர் அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

“அண்ணா, வருசம் அப்பிடியே இருக்கட்டும். கிலோமீட்டர்ல மட்டும் இன்னொரு பத்தாயிரம் சேர்த்து எழுதுங்க.”

“அவ்ளோ ஓட்டினா எஞ்சின் கெட்டுப்பூடுமேமா?”

“எஞ்சினுக்கு அந்த வருசக் கணக்கு போதும்ணா. கிலோமீட்டர் இவருக்கு. எழுதினத ஓட்டித் தீர்க்காம விடமாட்டாரு.”

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஹார்ன் சத்தம். எஸ்தர்தான். இன்றைக்குத் தலக்கோனா அருவியாம்... டிபன் கேரியரோடு முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.