அரைப்புள்ளி

நான்காம் வகுப்பில் நான் செய்த பெரிய தவறு, புள்ளி என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் இருந்த அர்த்தத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனது.

எங்கே ஜனம் நெருக்கம், எங்கே குறைவு என்று காட்டும் படம் ஒன்றை டீச்சர் வரையச் சொன்னார். ஆள் குடியிருக்கும் வீட்டுக்கு ஒரு புள்ளி. அவரவர் ஊரை அவரவர் போட வேண்டும். எங்கள் ஊர் திருமயத்துக்குப் பக்கம். தெருவுக்குத் தெரு பெரிய பெரிய வீடுகள்தான், ஆனால் பெரும்பாலும் பூட்டியே கிடக்கும். கோயில் வரி வாங்குவதற்கான புள்ளிப் பட்டியல் பெரியப்பாவிடம் இருந்தது. கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. சென்னையில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும் அவர்கள் பெயர் சொந்த ஊர்ப் பட்டியலில்தான்.

ஊரில் மொத்தம் எத்தனை புள்ளி என்று கேட்டேன். "எரநூத்திப் பத்து," என்றார் பெரியப்பா, கையிலிருந்த போனிலிருந்து கண்ணை எடுக்காமல். சென்னையில் வேலை பார்த்த அப்பா நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். அம்மா என்னை அடுத்த வீட்டுப் பெரியப்பாவிடம் விட்டுவிட்டு முந்தின நாளே பஸ் ஏறியிருந்தார். என்னிடம் அப்பாவுக்கு வெறும் காய்ச்சல் என்று சொல்லியிருந்தார்கள். நான் இருநூற்றுப் பத்துப் புள்ளிகளையும் பென்சிலால் வைத்தேன். எங்கள் வீட்டுக்கு மட்டும் கொஞ்சம் பெரிதாக.

"ஒங்க ஊர்ல வெளக்கெரியிறதே பதிமூணு வீடு. மத்தவங்கள்லாம் எங்கிட்டும்மா இருக்காங்க?" என்று டீச்சர் கேட்டதும் வகுப்பே சிரித்தது. நாளைக்கு ஆளைக் காட்டு, இல்லாவிட்டால் அழித்துக்கொண்டு வா என்றார்.

அன்று சாயங்காலம் போன் அடிக்கும்போதெல்லாம் பெரியப்பா எழுந்து நின்றார். பெரியம்மா செய்த வேலையை அப்படியே விட்டுவிட்டு வந்து அவர் முகத்தைப் பார்த்தார். எனக்குக் கவலையெல்லாம் படத்தைப் பற்றித்தான். எப்படியாவது எல்லோரையும் ஊருக்கு வரவழைத்துவிடு என்று சாமியிடம் வேண்டிக்கொண்டேன். இதை எழுத இப்போதும் கை கூசுகிறது.

மறுநாள் காலையில் வந்த போனுக்குப் பிறகு பெரியப்பா எழுந்து நிற்கவில்லை. "போயிட்டான்," என்றார்.

அப்பாவை ஊருக்கே கொண்டுவந்தார்கள். பூட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வந்த கார்கள் ஊருணிக் கரைவரை நின்றன. நான் ஓடி ஓடி எண்ணினேன். துக்கம் கேட்க வந்த டீச்சரின் கையைப் பிடித்து இழுத்தேன். "பாருங்க டீச்சர், எல்லாரும் வந்துட்டாங்க. நாந்தான் சொன்னேன்ல?" அவர் எண்ணவில்லை. என்னைக் கட்டிக்கொண்டார். எனக்குக் கோபம்தான் வந்தது.

காரியமெல்லாம் முடிந்து கார்கள் கிளம்பிப் போனபின் பெரியப்பா பட்டியலைப் பிரித்தார்.

"எங்க வீடு ஒரு புள்ளிதானே பெரியப்பா?"

"இனிமே அரைப்புள்ளி தாயி."

தம்பதியில் ஒருவர் போனால் மிஞ்சியவர் அரைப்புள்ளி என்ற வழக்கத்தை அவர் எனக்கு விளக்கவில்லை. படத்தை எடுத்து, எங்கள் வீட்டுப் புள்ளியில் சரிபாதியை ரப்பரால் பார்த்துப் பார்த்து அழித்தேன். கோணாமல் நன்றாகவே வந்திருந்தது. உள்ளறையில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.